வாடாத மாலை

மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம். செல்லம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எங்கள் பட்டறைக்கு வந்தார். மஞ்சள் பையை அவிழ்த்து மேசைமேல் கொட்டினார். இரண்டு ஜோடிப் பழைய தண்டை, ஓர் அரைஞாண், நசுங்கிய சந்தனக் கிண்ணம், வாய் உடைந்த சொம்பு. எல்லாம் வெள்ளி. நிறுத்தபோது 640 கிராம் இருந்தது.

"இத உருக்கி எங்க ஆத்தாவுக்கு ஒரு மல்லிகப்பூ மால செஞ்சு குடும்மா. வாடாத மால. எனக்கு முட்டி தேஞ்சுபோச்சு. தெனமும் பூ வாங்கிட்டுக் கோயிலுக்கு நடக்க முடியல. இதப் போட்டுட்டா நான் இருந்தாலும் போனாலும் அவ கழுத்துல பூ இருக்கும்."

பட்டறை மதுரையில், தெற்காவணி மூல வீதியை ஒட்டிய சந்தில், மாடியில் இருக்கிறது. கணினியில் நகை வரைவது என் வேலை. பதினான்கு வருடமாகச் செய்கிறேன். முன்பு இப்படி ஒரு மாலை கேட்டால் ஆசாரி தகட்டை வெட்டி, குமிழ் தட்டி, ஒவ்வொரு மொட்டாகப் பத்தவைத்து எடுப்பார். இப்போது நான் திரையில் ஒரு மொட்டை வரைகிறேன். அதை இயந்திரம் மெழுகு போல எரிந்துபோகும் ரெசினில் அடுக்கடுக்காக எழுப்புகிறது. ஓர் அடுக்கு 25 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு 40 அடுக்கு. வந்த மொட்டுகளை ஒரு மெழுகுத் தண்டைச் சுற்றிக் கிளை கிளையாக ஒட்டுவோம். தொழிலில் அதற்குப் பெயரே மரம்தான். மரத்தை இரும்பு உருளைக்குள் நிறுத்தி, சாந்து ஊற்றி, இறுகியதும் சூளையில் 700 டிகிரிக்கு மேல் ஏற்றினால் மரம் எரிந்து போகும். அது நின்றிருந்த வெற்றிடத்தில் வெள்ளியோ பொன்னோ போய் நிரம்பும்.

வாடாத மாலை என்றதும் எனக்கு எந்தக் குழப்பமும் வரவில்லை. 108 மொட்டு, ஒன்றுக்கு நான்கு கிராம், கோக்க ஒரு சங்கிலி. அன்று சாயங்காலமே என் அம்மாவுக்குப் போன் செய்து, மறுநாள் பஸ்ஸில் கொஞ்சம் நல்ல மொட்டாகக் கொடுத்துவிடச் சொன்னேன்.

அம்மா உசிலம்பட்டிப் பக்கத்தில் முப்பது சென்ட் மல்லி வைத்திருக்கிறாள். விடிகாலை மூன்றரைக்கு நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு செடிக்குள் இறங்குவாள். வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும். செடியில் பச்சை மொட்டும் இருக்கும், முக்கால் விளைந்ததும் இருக்கும். அன்று இரவு விரியப்போகிற மொட்டு எது என்று அவள் விரலுக்குத் தெரியும். அதை மட்டும் காம்போடு கிள்ளுவாள். விடிந்ததும் மூட்டை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடும். ஆனி ஆடியில் கொள்ளை கொள்ளையாய்ப் பூத்து விலை போகாது. மார்கழிப் பனியில் செடி சுருங்கி, கிலோ ஆயிரங்களைத் தொடும். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பேப்பரில் போட்டிருந்த படத்தை வெட்டி, ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மொட்டு வந்து சேர்ந்தது. வெர்னியரில் அளந்தேன். இடுப்பு 6 மில்லிமீட்டர். காம்பு நீளம், நுனி வளைவு, இதழ் ஒன்றன்மேல் ஒன்று சுற்றியிருக்கும் சாய்வு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, பன்னிரண்டு மொட்டை மேசை ஓரத்தில் ஈரத்துணியில் வைத்துவிட்டு வரைய உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை தலை நிமிரவில்லை. ஏழு மணி இருக்கும், அறை முழுக்க வாசம். திரும்பிப் பார்த்தால் துணியின் மேல் பன்னிரண்டும் விரிந்து கிடந்தன. திரையில் காலை ஒன்பது மணி மொட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தது.

மல்லி ராத்திரி விரியும் என்று தெரியாதவளா நான்? அந்தத் தோட்டத்தில் வளர்ந்தவள். ஆனால் அளவு நாடாவுக்கும் வெர்னியருக்கும் நடுவில் அதைப் பார்த்தது அன்றுதான். செடியிலிருந்து பிரிந்து பதினைந்து மணி நேரம் ஆகிவிட்டது. வேர் இல்லை, இலை இல்லை. இருந்தும் அது மூச்சு விடுகிறது. தன்னிடம் மிச்சமிருக்கும் சத்தைச் செலவழித்து இதழை விரிக்கிறது. அந்த நேரத்தில்தான் தன் மணத்தின் பெரும்பகுதியை உண்டாக்குகிறது. சீனாவில் மல்லிகைத் தேநீர் செய்கிறவர்கள் பகலில் பறித்த மொட்டை வைத்திருந்து, இரவில் விரியும் வேளை பார்த்துத்தான் தேயிலையோடு கலக்கிறார்கள். மதுரையில் காலையில் மொட்டாக வாங்கித் தலையில் வைக்கிற பெண், சாயங்காலம் பூவோடு வீட்டுக்கு வருகிறாள். நடுவில் நடந்த வேலையை அவள் செய்யவில்லை, கட்டியவரும் செய்யவில்லை.

கழுத்து அளவு எடுக்கச் செல்லம்பட்டிப் பக்கத்துக் கோயிலுக்குப் போனேன். கண்மாய்க் கரையில், வேம்புக்குக் கீழே ஓட்டுக் கட்டடம். பூசாரி வேளார். மண் பானை வனைகிற கை. புரவி எடுப்புக்குக் குதிரை செய்கிறவரும் அவர்தான். கோயிலைச் சுற்றிப் போன வருடத்துக் குதிரைகள், அதற்கு முந்தின வருடத்துக் குதிரைகள், மழையில் காது கரைந்தவை, கால் போனவை, வெறும் மண்மேடாகிவிட்டவை எல்லாம் வரிசையாக நின்றன. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நகை போடட்டும்த்தா, தாராளமாப் போடட்டும். வேணாங்கல. ஆனா வாடாத மாலையப் போட்டுட்டா, நாளைக்கு இவளப் பாக்க யாரு வருவா?"

அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன். இன்றைக்கும் அது என்னோடுதான் இருக்கிறது.

எங்கள் தொழிலில் சேதாரம் என்று ஒன்று உண்டு. ராவும்போது உதிர்வது, உருக்கும்போது போவது, பாலிஷில் தேய்வது. நல்ல பட்டறை என்றால் சேதாரம் குறைவு. அந்தக் கணக்கில் பார்த்தால் பூ முழுக்கச் சேதாரம். காலையில் வாங்கிய காசு மறுநாள் குப்பையில். அப்படியிருந்தும் எந்த அம்மன் கோயிலிலும், எவ்வளவு பொன் சாத்தியிருந்தாலும், பூ இல்லாமல் பூசை இல்லை. சாவப்போகிற ஒன்றைச் சாமி ஏன் கேட்கிறது? அல்லது நாம் ஏன் கொடுக்கிறோம்?

இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் ஒரே பதில் இருந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டில் தாயுமானவர் பூப்பறிக்கவே மனம் வராமல் நின்றார். பூவுக்குள்ளும் நீதானே இருக்கிறாய், உன்னைப் பறித்து உனக்கே எப்படிப் போடுவது என்பது அவருடைய தயக்கம். சைவத்தில் எட்டு அக மலர்களைச் சொல்வார்கள்: கொல்லாமை, பொறியடக்கம், பொறுமை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு. முதல் பூவே கொல்லாமை. கீழக்குயில்குடிச் சமணர் மலையில் வெட்டிவைத்த சிற்பங்களுக்குக் கீழே நின்று இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எறும்பை மிதிக்க அஞ்சிய துறவிகள் இருந்த மலை அது. அங்கிருந்து பார்த்தால் அம்மாவின் மல்லித்தோட்டம் ஒரு கொலைக்களம் என்றுகூட ஒருவர் சொல்லலாம். என்னால் அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. அம்மாவாலும் முடியாது. முதல் மொட்டைக் கிள்ளும் முன் செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கம் அவளுக்கு உண்டு.

ஆனால் தாயுமானவரின் வழியிலேயே கடைசிவரை போனால், உயிருள்ள எதையும் தொடாமல் இருப்பதுதான் பக்தி என்று ஆகிவிடும். வெள்ளி மொட்டு அதற்கு மிகவும் தோதான பதில். எதையும் கொல்லவில்லை, எதுவும் வாடவில்லை, எதுவும் குப்பைக்குப் போகவில்லை. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்லத் தெரியாமல் பல வாரம் கிடந்தேன்.

அந்த வாரங்களில் ராத்திரி உட்கார்ந்து, வெளியுலகத்தில் என் தொழில்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். அமெரிக்காவில் ஜெசிகா ரோசன்கிராண்ட்ஸ், ஜெஸ்ஸி லூயிஸ்-ரோசன்பெர்க் என்று இருவர். 2007இல் நெர்வஸ் சிஸ்டம் என்று ஒரு வடிவமைப்பகம் தொடங்கினார்கள். நகையை இவர்கள் கோடு கோடாக வரைவதில்லை. செடி எந்த விதியில் வளர்கிறதோ அந்த விதியைக் கணினிக்குச் சொல்லி, உருவத்தைத் தானாக வளரவிடுகிறார்கள். கோழிக்கொண்டைப் பூவைப் பாருங்கள். ஓரம் நடுவைவிட வேகமாக வளர்கிறது. இடம் போதாமல் மடிந்து மடிந்து சுருள்கிறது. அதே விதியை ஒரு தட்டையான வளையத்துக்குக் கொடுத்தால் அது திரையில் சுருண்டு பூவாகிவிடும். அதை அச்சிட்டால் கம்மல். 2014இல் இவர்கள் செய்த ஓர் உடையை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கி வைத்திருக்கிறது. 2,279 முக்கோணத் துண்டு, 3,316 கீல், எல்லாம் நைலானில் ஒரே அச்சாக எடுத்தது.

அதே 2014இல் எம்ஐடியில் இருந்த நெரி ஆக்ஸ்மன், வேறு கோள்களுக்குப் போகிற மனிதர்களுக்கென்று நான்கு உடலணிகள் செய்தார். முஷ்டரி, ஜுஹல், உதாரித், கமர். அரபியில் வியாழன், சனி, புதன், சந்திரன். நவக்கிரகத்தில் நால்வரை உடம்பில் போட்டுக்கொள்வது போல. வியாழனுக்கான அணி இடுப்பைச் சுற்றிய குடல் போல இருக்கிறது. உள்ளே 58 மீட்டர் குழாய். வெளிச்சத்தைச் சர்க்கரையாக்கும் நுண்ணுயிரும், அந்தச் சர்க்கரையைத் தின்று மனிதருக்கு வேண்டியதைச் செய்து தரும் நுண்ணுயிரும் அந்தக் குழாயில் வாழ வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு. இந்த வரிசையில் பின்னால் வந்து சேர்ந்தது ஒன்று: 2025 ஜூலையில் பாரிசில் உடை வடிவமைப்பாளர் ஐரிஸ் வான் ஹெர்பன் காட்டிய உடையில் 12.5 கோடிக் கடல் நுண்பாசி உயிர்கள் இருந்தன. அசைந்தால் நீலமாக ஒளிரும் பாசி. இதே ஐரிஸ் 2010இல் முப்பரிமாண அச்சு உடையை மேடைக்குக் கொண்டுவந்த முன்னோடி. பதினைந்து வருடத்தில் பிளாஸ்டிக்கிலிருந்து உயிருக்கு வந்திருக்கிறார்.

இவை எல்லாம் எனக்கு உண்மையாகவே வியப்புத் தந்தன. நானும் ரைனோ என்ற வரைகலை மென்பொருளில் கிராஸ்ஹாப்பர் என்ற நிரலைப் போட்டு, வளர்ச்சி விதியை எழுதிப் பழகினேன். முதல் தடவை என் வளையம் திரையில் தானாகச் சுருண்டபோது எனக்கு மேல் சிலிர்த்தது. நான் வரையாத ஒரு மடிப்பு அங்கே இருந்தது. ஆனால் பிடிக்கவில்லை என்றால் ஒரு பொத்தானைத் தட்டிப் பழைய நிலைக்குக் கொண்டுபோக முடிந்தது. ஐம்பது தடவை கொண்டுபோனேன். ஐம்பத்தோராவது சுருளைத் தேர்ந்தெடுத்தேன். வளர்ந்தது போலத்தான் இருந்தது. ஆனால் திரும்பி வரமுடியாத எதுவும் அதற்கு நடந்திருக்கவில்லை.

அப்போதுதான் அப்பத்தா ஞாபகம் வந்தது.

எங்கள் ஊரில் முளைப்பாரி வீட்டுக்கு அப்பத்தாதான் பொறுப்பு. பங்குனிப் பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வீடு தானியம் வாங்குவாள். தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு, நெல், சோளம். அடியில் ஓட்டை போட்ட சட்டியில் வைக்கோல், காய்ந்த ஆட்டுப் புழுக்கை, கண்மாய் மண். ஊறவைத்த விதையைத் தூவி, ஜன்னல் அடைத்த அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவாள். அன்றிலிருந்து விரதம். தண்ணீர் தெளிக்க மட்டும் உள்ளே போவாள். சாயங்காலம் பெண்கள் வெளியே கும்மி கொட்டுவார்கள், பயிருக்குக் கேட்கும் என்று. எட்டு வயதில் நான் ஒருநாள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். அப்பத்தா அடிக்கவில்லை, கையைப் பிடித்து நகர்த்தினாள்.

"பாக்காதத்தா. விதையப் போடுறது நம்ம வேல. தண்ணி தெளிக்கிறது நம்ம வேல. மொளைக்கிறது அவ வேல. அதுல நமக்கு என்ன இருக்கு?"

ஒன்பதாம் நாள் கதவு திறக்கும். வெளிச்சமே படாமல் வளர்ந்ததால் பச்சையம் இல்லாமல், வெளிறிய மஞ்சளில், ஒரு முழ உயரத்துக்கு நெடுநெடுவென்று நிற்கும் பயிர். ஒளியைத் தேடித் தண்டு நீள்வதால் அந்த உயரம். அதை அப்படியே தலையில் ஏற்றிக்கொண்டு பெண்கள் வரிசையாகக் கோயிலுக்கு நடப்பார்கள். உச்சந்தலையில் உயிரோடு ஆடும் மஞ்சள் கிரீடம். கும்மி கொட்டி, அம்மனைச் சுற்றி வைத்து, அதற்கு அடுத்த நாளே கண்மாயில் கரைத்துவிடுவார்கள். யாரும் அதைக் கலை என்று சொன்னதில்லை. அணி என்றும் சொன்னதில்லை. பாரிசிலும் எம்ஐடியிலும் அரிதாகச் செய்துபார்த்த காரியத்தை ஆண்டிப்பட்டிக்கும் மேலூருக்கும் இடைப்பட்ட கிராமங்களில் பெண்கள் வருடந்தோறும் செய்கிறார்கள் என்பதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு வித்தியாசத்தைச் சொல்லத்தான் சொல்கிறேன். முளைப்பாரிச் சட்டியில் பயிர் கோணலாக வந்தால் திருத்த முடியாது. வராமலே போனால் அந்த வருடம் அப்படித்தான். விதையைப் போட்ட நிமிடத்திலிருந்து அது வேறொருவர் கையில் இருக்கிறது. அந்த நடுக்கத்துக்குத்தான் விரதம்.

ஆக்ஸ்மனின் வேலைகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது அந்த நான்கு கோள் அணிகளில் எதுவும் இல்லை, 2013இல் அவர் குழு செய்த பட்டு மண்டபம். இயந்திரம் ஒரு சட்டத்தில் பட்டு நூலால் எலும்புக்கூடு போட்டது. எங்கே அடர்த்தி, எங்கே இடைவெளி என்பதைக் கணக்குப் பார்த்துப் போட்டது. அதற்குப் பிறகு 6,500 பட்டுப்புழுக்களை அதன்மேல் விட்டார்கள். மீதியை அவை ஊர்ந்து நெய்தன. கூட்டோடு புழுவைக் கொதிநீரில் போடவில்லை. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டுச்சேலை வேண்டாம் என்று சொல்லிவந்தது புழு வேகிறதே என்ற இரக்கத்தில்தான். அவர் வருத்தத்துக்கும் இந்த மண்டபத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இயந்திரம் பாதியில் நிறுத்திக்கொண்டது என்பதுதான் அந்த வழி.

அதைச் செய்து பார்க்கிற வாய்ப்பு அந்தத் தையில் வந்தது. அண்ணன் மகள் கல்யாணம். அத்தை சீராக ஜடைக்கு ஒரு வெள்ளி ராக்கொடி செய்ய நினைத்தேன். வளர்ச்சி விதியில் சுருளவிட்ட ஒரு வட்டம். மடிப்புகளுக்குள் சின்னச் சின்னக் குழி. குழிக்குள் மல்லி மொட்டு. குழியின் அகலத்துக்கு என் பழைய குறிப்பு கைவசம் இருந்தது. இடுப்பு 6 மில்லிமீட்டர். நெருக்கமாக 62 குழி வைத்தேன். காலையில் மொட்டு அடைத்தபோது பார்க்கக் கண் போதவில்லை. பட்டறையில் மெழுகு வேலை பார்க்கும் பெண்ணுக்கு வைத்துவிட்டு வேலையைப் பார்த்தோம். சாயங்காலம் அவள் கழற்றிக் கொடுத்தாள். விரிய இடமில்லாமல் மொட்டுகள் ஒன்றையொன்று நெருக்கியிருந்தன. பாதி வெளியே தள்ளப்பட்டுக் கீழே விழுந்துவிட்டன. மீதி, வெள்ளி ஓரத்தில் நசுங்கிப் பழுப்பேறியிருந்தது.

மறுபடி வெர்னியரை எடுத்தேன். விரிந்த பூவின் வாய் 24 மில்லிமீட்டர்.

அந்த 6க்கும் 24க்கும் இடையில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. இரண்டாவது ராக்கொடியில் 24 வைத்து இடம் விட்டேன். 19 குழிதான் வந்தது. காலையில் மொட்டு வைத்தால் பாதி வேலையில் நிறுத்தியது போலத் தெரிந்தது. "என்னம்மா, ஓட்டை ஓட்டையா இருக்கு?" என்றார் முதலாளி. "சாயங்காலம் பாருங்கண்ணே" என்று மட்டும் சொன்னேன். கல்யாணத்துக்கு முந்தின மாலை வரவேற்பு. ஏழரை மணிக்கு மேடையில் பெண் தலை குனிந்தபோது பின்னால் நின்று பார்த்தேன். வெள்ளி கண்ணிலேயே படவில்லை. மடிப்பை மூடிக்கொண்டு பூ நின்றது. மறுநாள் முகூர்த்தத்துக்கு அதைக் களைந்துவிட்டுப் புது மொட்டு வைத்தோம்.

சாமிக்குப் பூ எதற்கு என்றால், எனக்குப் பிடிபட்ட மட்டில் இதுதான். நாம் கொடுக்கிறவற்றில் மற்றதெல்லாம் கொடுக்கும்போதே முடிந்துபோனவை. பொன்னுக்கு இனிமேல் எதுவும் நடக்காது. மொட்டுக்கு இன்னும் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. அதை அது சாமியின் கழுத்தில் வைத்துத்தான் செய்யப்போகிறது. கொடுக்கிறவள் கையை எடுத்துக்கொண்ட பிறகு நடக்கிற காரியம். நம்மால் செய்ய முடியாத ஒன்றை நம் கையால் கொடுக்கிற ஒரே வழி அது. அதனால்தான் பூப்பறிப்பதில் தாயுமானவருக்கு இருந்த தயக்கமும் வேண்டும், அதைத் தாண்டிப் பறிப்பதும் வேண்டும். தயக்கம் இல்லாமல் பறித்தால் அது வெறும் சரக்கு.

ஆண்டாள் கதையை நான் இப்போது இப்படித்தான் வாசிக்கிறேன். சாமிக்குக் கட்டிய பூவை முகர்ந்துகூடப் பார்க்கக்கூடாது என்பது வீட்டு வழக்கம். அம்மா இன்றும் சரம் கட்டும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வாள். அந்தப் பெண்ணோ மாலையைச் சூடி அழகு பார்த்துவிட்டுக் கொடுத்தாள். பெரியாழ்வார் பதறி வேறு மாலை கட்டினார். பெருமாள் அவள் சூடியதையே கேட்டார். வருடந்தோறும் சித்திரைத் திருவிழாவில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து 75 கிலோமீட்டர் போலப் பயணம் செய்து மதுரைக்கு வருகிறது. எதிர்சேவை முடிந்த இரவு தல்லாகுளம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் அழகர் அதைச் சூடிக்கொண்டு, விடியலில் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள். குதிரை தங்கம், மாலை முந்தின நாள் பூ. ஒரு கழுத்தின் சூடு பட்டு, வழியில் கொஞ்சம் வதங்கி வந்த மாலை. அதைத்தான் அவர் ஏற்றுக்கொள்கிறார். அதே ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியை இலையும் பூவும் கொண்டு தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ. ஒரு தங்கக் கிளி செய்து வைத்தால் ஒரு குடும்பத்தின் தினசரி வேலை மிச்சமாகும். அப்படி யாரும் யோசிக்கவில்லை என்பதில் எவ்வளவு தெளிவு இருக்கிறது!

செல்லம்பட்டி அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் திணறினேன். அவருடைய முட்டிவலி உண்மை. பூ வாங்க ஆள் இல்லாத பயம் அதைவிட உண்மை. தத்துவம் பேசி அவர் நேர்த்தியைத் தட்ட எனக்கு உரிமை இல்லை. புது வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரில் போனேன். 108 மொட்டுக்குப் பதில் 54. ஒரு வெள்ளி மொட்டு, பக்கத்தில் ஒரு வெறும் வளையம்; மறுபடி மொட்டு, மறுபடி வளையம். வளையத்தில் நிஜ மல்லி மொட்டை நாரோடு செருகிக்கொள்ளலாம். வளையங்களுக்கு நடுவே, விரிந்த பூ இடிக்காத இடைவெளி.

அவர் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். "பாதிதான் செஞ்சிருக்க" என்றார். குரல் தழுதழுத்தது. "மீதிய யாரு போடுவா?"

பூசாரி பக்கத்தில்தான் இருந்தார். தெருவில் 31 வீடு. மாதத்துக்கு வீட்டுக்கு ஒரு நாள், 54 மொட்டு. அன்றைக்கே வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வந்து, எந்தத் தேதி யாருக்கு என்று கோயில் சுவரில் கரியால் எழுதினார். பன்னிரண்டாம் தேதி அந்த அம்மாவின் வீட்டுக்கு. மிஞ்சிய வெள்ளியில் ஒரு சின்னத் தூபக்கால் செய்து கொடுத்தோம்.

வாடாத மாலை என்றுதான் கேட்டு வந்தார், ஆனால் வெள்ளியும் கறுக்கும். கோயில் புகையில் ஆறே மாதத்தில் மொட்டுகள் மங்கிவிட்டன. பூசாரி திருநீறு போட்டுத் துடைத்துப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கறுத்த மொட்டுக்குப் பக்கத்தில் நிஜ மொட்டு இன்னும் வெள்ளையாகத் தெரிகிறதாம்.

என்னைப் போல இந்தத் தொழிலில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வளர்ச்சி விதியைக் கற்றுக்கொள்ளுங்கள், நல்ல வித்தை அது. அச்சு எடுக்கும் முன் உங்கள் அம்மாவிடமோ பூக்கட்டுகிறவரிடமோ ஒரு கைப்பிடி மொட்டு வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ராத்திரி ஏழு மணிக்கு மறுபடியும் அளந்து பாருங்கள். அந்த இரண்டாவது அளவை வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா போன தை மாதம் ஒன்பதாம் தேதி தவறிவிட்டார். பன்னிரண்டாம் தேதி அவர் வீட்டு முறை. தீட்டு என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். தையில் மல்லி விலை எனக்குத் தெரியும். 54 மொட்டும் சரியாக இருந்தது, எண்ணித்தான் செருகினேன் என்று பூசாரி போனில் சொன்னார்.